மல்லாட்டை மில் சிலை

5.7.2011

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை யானை வரையச் சொன்னேன். வகுப்பு முழுக்கப் பன்றிகள். ஒருத்தி மட்டும் தும்பிக்கை போட்டிருந்தாள். பன்றி குழாயடியில் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் மில். முன்கூடத்தில் அமிர்தம் அக்காவின் நாட்டிய வகுப்பு. பக்கத்து அறையில் ராஜாமணி பேண்டு செட்டோடு ஒத்திகை, நாளைக்கு ஒரு சாவு ஊர்வலம். பிள்ளைகளின் கால்கள் அக்காவின் தட்டுக்கழியை விட்டுவிட்டு டிரம் பின்னால் போய்விட்டன. அக்கா கோபத்தில் சுவரை அடித்தார். ராஜாமணி அதையும் தாளம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்.

இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆட்டுவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. புண்ணாக்கு வாசனை மட்டும் போகவில்லை. எண்ணெய் டின் அடுக்கி வைத்திருந்த கடைசி அறை என்னுடையது. அங்கே உட்கார்ந்து படம் போடும்போது நான் டீச்சர் இல்லை, பூவரசன் பெண்டாட்டி இல்லை. வெறும் இளவரசி.

11.7.2011

மில் முதலாளி வைத்திலிங்கம் வந்தார். எழுபதைத் தாண்டியவர், அக்குளில் எப்போதும் ஒரு தோல்பை. எங்களை எல்லாம் கூப்பிட்டு நின்றபடியே சொன்னார்: "கல்யாண மண்டபம் கட்ட கேக்கறாங்க. குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

கலியமூர்த்தி அண்ணன்தான் பேசினார். அவருக்குப் பகலில் மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி, ராத்திரியில் தெருக்கூத்தில் ராஜ வேஷம். மெதுவாகப் பேசத் தெரியாது.

"மண்டபத்துல உங்க பேரு எத்தினி நாளு மொதலாளி இருக்கும்? நாளைக்கே வேற போர்டு மாட்டுவான்! நாங்கன்னா உங்க செலையையே வெப்போம்! இதோ, இந்த வாசல்ல! காலத்துக்கும் நிப்பீங்க!"

வசன வேகத்தில் வந்து விழுந்த வார்த்தை. அதற்கு ஒரு அர்த்தம் இருப்பதாக எங்களில் யாரும் நினைக்கவில்லை.

முதலாளி வாசலைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் பாத்து நிப்பேன்?" என்றார்.

12.7.2011

இன்று அளக்கிற டேப்போடு வந்துவிட்டார். கிழக்கே பார்த்து நிற்பதாக முடிவு. பொங்கலுக்குள் சிலை நின்றுவிட்டால் மில்லை எங்கள் கலைஞர் சங்கத்துக்கே எழுதி வைப்பதாக வாக்கு.

"யாரு செய்யறது?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாட்டர் கலர் போடுகிறவள். கடல், படகு, காயப்போட்ட வலை. களிமண்ணைத் தொடுவது பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும்தான். சொன்னேன். ராஜாமணி ஆறுதல் சொன்னார்: "படந்தானே டீச்சர். கொஞ்சம் தடிப்பா போடுங்க."

இரவு இவரிடம் புலம்பினேன். என் வீட்டுக்காரருக்குத் தேவனாம்பட்டினத்தில் பைபர் படகு வேலை. சுனாமி அலை வந்து போன பிறகு எல்லாரும் பைபருக்கு மாறியதில் கை ஓய்வதில்லை. "நீ மண்ணுல புடிச்சிக் குடு, நான் பைபர்ல எடுத்துத் தரேன். படகு செய்யறவனுக்கு மனுசன் செய்ய வராதா?" என்றார்.

"படகுக்கு மூக்கு ஒன்னுதாங்க."

"மனுசனுக்கும் ஒன்னுதான்."

7.8.2011, ஞாயிறு

முதலாளி தினமும் வருகிறார். முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சீவிக்கொள்கிறார். மார்பளவு சிலை. தலைமுடி கல்யாண போட்டோவில் இருக்கிற மாதிரி வேண்டுமாம், கண்ணாடி இப்போது போட்டிருப்பது, வாய் பல் செட்டுக்கு முந்தியது. மூன்று வயது மனிதர்களை ஒரு கழுத்தில் உட்கார வைக்கிறேன்.

வாய் மட்டும் ஓய்வதில்லை. பேச்செல்லாம் சிதம்பரத்தில் இருக்கிற தம்பி நடனசபாபதியைப் பற்றித்தான். அப்பா சொத்தில் ஒரு மாந்தோப்புத் தகராறு. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பத்தொன்பது வருஷமாம்.

"நாம ஒன்னு சொன்னா அவன் ஒடனே பதில் சொல்ல மாட்டான் டீச்சர். இப்பிடிப் பாப்பான்." ஒரு புருவத்தைத் தூக்கி, தாடையை முன்னால் தள்ளி, உதட்டை ஓரமாக இழுத்துக் காட்டுகிறார். "பாத்தீங்களா? இப்பிடி. ஒடம்பெல்லாம் பத்திகிட்டு வரும்."

நான் தலையாட்டிக்கொண்டே மண்ணை அப்புகிறேன்.

21.8.2011

முகம் வந்துவிட்டது! உண்மையாகவே ஒரு ஆள் என்னைப் பார்க்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு இது முடியும் என்று இத்தனை நாள் ஏன் தெரியாமல் போனது?

முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. "கொஞ்சம் வயசு கொறச்சலா காட்டுது. இருக்கட்டும், இருக்கட்டும்."

4.9.2011, ஞாயிறு

முதலாளியின் மனைவி தங்கம்மாள் சிலையைப் பார்க்க வந்தார். ஈரத்துணியை விலக்கினேன். அந்த அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"எங்க கொழுந்தனார நீ எப்பம்மா பாத்த?"

"யாரு?"

"நடனசபாபதிய. அப்பிடியே உரிச்சி வெச்சிருக்கியே!"

அந்த மனுசனை நான் பாத்ததே இல்லை. சத்தியமா பாத்ததில்லை. அந்த அம்மா விசேஷ வீடுகளில் கொழுந்தனாரை அடிக்கடி பார்ப்பவர். அவர் சொன்னால் தப்பாது. முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்மா. சொன்னா மூணு நாளு சாப்புட மாட்டாரு. சமைக்கறது நானு."

வாசல் வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

5.9.2011

கலியமூர்த்தி அண்ணன்தான் கண்டுபிடித்தார். முதலாளி உட்கார்ந்து பேசுவதைக் கதவோரம் நின்று பார்த்தவர், என்னை வெளியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவுரு எங்க ஒக்காந்திருக்காரு? ரெண்டு மாசமா தம்பி வேஷம்ல கட்டிகிட்டு இருக்காரு! நீ வேஷத்தப் புடிச்சி செஞ்சிருக்க."

9.9.2011

தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம், முகம் அசைகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். சரி என்றார். பேச வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். அந்த முகத்தில் பார்த்துச் செய்ய ஒன்றுமே இல்லை. வெறும் கன்னம்.

18.9.2011

மூக்கைத் திருத்தினேன். தாடையைக் குறைத்தேன். புருவத்தை இறக்கினேன். தங்கம்மாளை வரச்சொல்லிக் காட்டினேன்.

"இப்ப இன்னும் ஜாஸ்தியா இருக்கும்மா. போன வருசம் கொஞ்சம் எளச்சிட்டாரு, அதுவும் வந்திருக்கு."

விட்டுவிட்டேன். பொங்கலுக்குள் அச்சு, பைபர், பெயிண்ட் எல்லாம் ஆகவேண்டும். முதலாளிக்குப் பிடித்திருக்கிறது. தம்பியைப் பார்த்துப் பத்தொன்பது வருஷம் ஆன மனிதருக்கு எப்படித் தெரியப்போகிறது?

16.10.2011, ஞாயிறு

தேவனாம்பட்டினத்தில் சிலை எடுத்தாயிற்று. இவர் அச்சின் உள்ளே பைபர் மேட்டைப் போட்டு ரெசின் தடவியதை, பிரசவ வாசலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தேன். தூக்கினால் பஞ்சு போல இருக்கிறது. இவர் மிச்சமிருந்த படகு பெயிண்ட்டை முதல் கோட்டாக அடித்துவிட்டார். முதலாளி முழுக்க நீலம்.

கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்த மீனவ ஊர்த் தலைவர், எந்த ஊர் நாட்டார் என்று விசாரித்தார்கள். காயட்டும் என்று விட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் கழுத்தில் யாரோ வலையைக் காயப் போட்டிருந்தார்கள்.

23.10.2011

வெண்கல கலர் அடித்துத் திண்டிவனம் லோடு வண்டி ஒன்றில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுவந்தோம். முன்கூடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் ஆடுவதற்கு முன் அதற்கும் நமஸ்காரம் செய்கிறார்கள். அமிர்தம் அக்கா தடுக்கவில்லை. "யாரா இருந்தா இன்னா, பெரியவங்கதானே" என்கிறார்.

13.11.2011, ஞாயிறு

மழை. மதியம் மில்லில் நான் மட்டும். குடையை மடக்கிக்கொண்டு சிலை உள்ளே வந்தது.

அப்படித்தான் இருந்தது. அதே புருவம், அதே தாடை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சிதம்பரத்துலேருந்து வரேன்மா. நடனசபாபதி. எனக்கு எங்கண்ணன் செல வெக்கிறாருன்னு ஊட்டுல சொன்னாங்க. தங்கம்மா அண்ணி எங்கூட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்காங்க. நான் நம்பல."

தங்கம்மாள் என்ன சொன்னாரோ, இவர் வீட்டில் அதை எப்படிச் சொன்னார்களோ. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிலைக்கு முன்னால் போய்விட்டார். ரொம்ப நேரம் நின்றார். கையை நீட்டி அதன் தோளைத் தொட்டார். அப்புறம் குடையைப் பிடித்தபடியே, கூரைக்குக் கீழே, அழுதார்.

"அந்த மாந்தோப்புல எனக்கு ஒரு மரங்கூட வேணாம்மா. கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லவே மாட்டாரு. இப்பிடித்தான் செய்வாரு, சுத்தி வளச்சி."

சொல்லிடணும்னுதான் நெனச்சேன். எப்பிடிச் சொல்றது? அழுவுற ஆள்கிட்ட போயி, இது நீங்க இல்லைங்க, தப்பா வந்துடுச்சின்னு சொல்ல முடியுமா? சிலைக்கு உயிர் இருந்தால் அது சொல்லட்டும். என்னால் ஆகாது.

"நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம். கூச்சப்படுவாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

14.11.2011

சங்கக் கூட்டம். விஷயத்தைச் சொன்னேன்.

ராஜாமணி: "அப்ப ஒரே செலவுல ரெண்டு பேருக்கும் ஆச்சு."

கலியமூர்த்தி அண்ணன்: "பொங்கல் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கக் கூடாது. பத்திரம் பதிவாயிட்டா அப்புறம் யாரு மூக்கா இருந்தா நமக்கு இன்னா?"

தீர்மானம் நிறைவேறியது. நான் கை தூக்கவில்லை. எதிர்த்தும் தூக்கவில்லை.

11.12.2011, ஞாயிறு

முதலாளி, எங்களுக்கு இப்போது பெரியவர், காலையில் வந்து சிலையைத் துடைத்துவிட்டுப் போகிறார். சின்னவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார். மாலை எங்கிருந்து வருகிறது என்று பெரியவர் கேட்டதற்கு, தெரு ஜனங்களின் அன்பு என்று அமிர்தம் அக்கா சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் தெருவில் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு நடக்கிறார்.

18.12.2011, ஞாயிறு

இன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சின்னவர் உள்ளே இருக்கும்போது பெரியவரின் தோல்பை வாசலில் தெரிந்தது. மார்கழியில் சாயங்காலமும் சிலைக்கு விளக்கு வைக்கணும் என்று தோன்றியதாம். கலியமூர்த்தி அண்ணன் சின்னவரை அப்படியே தூக்கிக்கொண்டு ஒத்திகை அறைக்குப் போனார். பெரியவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பின்னால் போனார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சின்னவர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, இடுப்பில் பாவாடை. முகத்தில் மட்டும் வர்ணம் பூச நேரம் கிடைத்திருக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரு கை தூரத்தில்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த வேஷக்காரர எங்கியோ பாத்த மாரி இருக்கே."

"மந்திரி வேஷம், மொதலாளி. நம்ம செலைய பாத்துத்தான் மொகத்த பழக்கறாரு. மந்திரின்னா உங்கள மாரி இருக்கணும்னு நான்தான் சொன்னேன்!"

பெரியவருக்குக் காது சிவந்துவிட்டது. சின்னவர் ஒரு புருவத்தைத் தூக்கி, தாடையைத் தள்ளி, உதட்டை ஓரமாக இழுத்து அண்ணனைப் பார்த்தார்.

"நல்லா பழகியிருக்காரு" என்றார் பெரியவர். "ஆனா நான் இவ்ளோ திமிரா பாக்க மாட்டேன்."

அவர் போனபிறகு சின்னவர் கிரீடத்தோடு உட்கார்ந்தே இருந்தார். "எளச்சிட்டாரும்மா" என்றார். அங்கே பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. கிரீடத்தைக் கழற்ற மறந்து வாசல் வரை போய்விட்டார்.

30.12.2011, வெள்ளி

புயல். எழுத வெளிச்சம் இல்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

1.1.2012

ஊரே தெரியவில்லை. மரம் நிற்கிற இடமே இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இவருடைய கொட்டகை போய்விட்டது. செய்து வைத்திருந்த படகுகளில் ஒன்று ரோட்டைக் கடந்து ஒரு வீட்டு மாடிப்படியில் கிடக்கிறது.

மில்லுக்கு மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். முன்கூடத்துத் தகரம் முழுக்கப் போய்விட்டது. கடைசி அறைக் கூரை இருந்தும் என் படங்களெல்லாம் நனைந்து, கடல் எது வானம் எது என்று தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துக் காயப்போடக்கூடக் கை வரவில்லை.

சிலையைக் காணோம்.

3.1.2012

சிலை கிடைத்துவிட்டது.

தெருமுனை ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க வரிசை. நேரில் நிற்க முடியாதவர்கள் கேன், செங்கல், பை என்று போட்டு இடம் பிடித்திருந்தார்கள். ஒரு மஞ்சள் கேனுக்கும் ஒரு கூடைக்கும் நடுவில் எங்கள் சிலை. காற்று அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. யாரோ இடம் பிடித்து வைத்ததாக நினைத்து ஒருத்தரும் நகர்த்தவில்லை. வரிசை முன்னேறும்போது பின்னால் நிற்பவர்களே அதையும் ஒரு அடி தள்ளியிருக்கிறார்கள்.

நான் தூக்கப் போனேன். பின்னால் நின்ற இருசம்மாள் என்கிற அம்மா, "எடுத்துட்டுப் போனா அப்புறம் வந்து நடுவுல நொழைய முடியாது, சொல்லிட்டேன்" என்றார்.

அப்போதுதான் பெரியவர் மில்லைப் பார்க்க வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னவர். சிதம்பரத்திலிருந்து கிடைத்த வண்டியில் தொற்றி, மிச்சத்துக்கு நடந்து வந்திருக்கிறார். கையில் சுருட்டிய தார்ப்பாய். இந்தத் தடவை கிரீடம் இல்லை.

"என் செலைக்கு இன்னா ஆச்சு?" என்று ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் அண்ணனும் தம்பியும் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"உன் செலையா? டேய், அது நானு!"

"நீங்களா? மொகத்த பாருங்க!"

வரிசை முழுக்கத் திரும்பியது. கேனைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குத் தீர்ப்பு. மூக்கு பெரியவருது, பார்வை சின்னவருது என்றார் ஒருவர். இருசம்மாள், "ரெண்டு பேருமே இல்ல, இது வேற யாரோ" என்றார். ரேஷன் கடைக்காரர் உள்ளிருந்து கத்தினார்: "யாரா இருந்தாலும் கார்டு இருந்தாத்தான் எண்ணெ!"

எல்லாருக்கும் நடுவில் நான் சொன்னேன். சொல்லியே விட்டேன். "மொதலாளி, உங்களத்தான் செஞ்சேன். நீங்க நாளெல்லாம் தம்பியப் பத்தியே பேசினீங்க. அவுரு மாரியே மொகத்த வெச்சி வெச்சி காட்டினீங்க. நான் பாத்த மொகம் அதுதாங்க. அது அவுராவே வந்துடுச்சி. தெரிஞ்சும் சொல்லல."

சின்னவரின் முகம்! அண்ணன் தனக்குச் சிலை வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தார்ப்பாயைக் கீழே வைத்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"தெனம் என்னப் பத்தியா பேசினாரு?"

"தெனமும்" என்றேன்.

"வேற யாரப் பத்தியும் இல்ல?"

"திட்டினேன்டா!" என்று பெரியவர் கத்தினார். "ஒக்காந்து திட்டினேன்!"

"ரெண்டு மாசமா?"

பெரியவர் வரிசையைப் பார்த்தார். வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

8.1.2012

பெரியவர் மில்லை விற்கப் போவதாக ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அவர் சிலை இல்லாத இடம் அவருக்கு எதற்கு? நியாயம்தான். நனைந்த படங்களைக் கட்டி வைத்தேன். என் வாய் சும்மா இருந்திருந்தால் மில் நிலைத்திருக்கும். இல்லையா? அப்போது சும்மா இருந்திருக்க வேண்டுமா? தெரியவில்லை.

அமிர்தம் அக்கா கூரையில்லாத கூடத்தில், திரும்பி வந்த சிலைக்கு முன்னால் வகுப்பு எடுத்தார்.

22.1.2012

இன்னும் கரண்ட் வரவில்லை. பொங்கல் இருட்டிலேயே போனது. ஆனால் ஒரு செய்தி. மில் அப்பா சொத்து, ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எங்களுக்கு எழுதி வைப்பதாக முதலாளி சொன்னபோதும் அது அவர் கையில் மட்டும் இல்லை. மண்டபத்துக்கு விற்கக் கையெழுத்துப் போடச் சின்னவர் முன்பு ஆள் மூலமாகச் சம்மதித்திருந்தாராம். இப்போது மாட்டேன் என்கிறார்.

வந்து எங்களிடமே சொன்னார்: "தப்பா வந்தாலும் என் மொகந்தானே அது. என் மொகம் நிக்கற எடத்த நான் எதுக்கு விக்கணும்?"

முன்கூடத்துக்கு மேல் தார்ப்பாயை அவரே ஏறிக் கட்டினார். கலியமூர்த்தி அண்ணன் கீழே நின்று, இறங்குங்க இறங்குங்க என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கெஞ்சினார்.

12.2.2012

பெரியவர் வந்தார். யாரையும் பார்க்காமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தலையைச் சீவிக்கொண்டார்.

"எனக்கு ஒன்னு செய்யுங்க டீச்சர். அவனுதுக்குப் பக்கத்துல. அத விட ஒரு அங்குலம் ஒசரமா. நான் பெரியவன்."

"மறுபடியும் அவரு மாரியே வந்துட்டா?"

யோசித்தார். "அவன எதுருல ஒக்கார வெச்சிடுங்க. அவன் மொகத்துல எங்கிட்ட இல்லாததப் பாத்து எடுத்துடலாம்."

4.3.2012, ஞாயிறு

சின்னவர் ஞாயிறுதோறும் வந்து எதிரில் உட்காருகிறார். பேச்சுவார்த்தை இல்லை. என் மூலமாகத்தான் எல்லாம்.

"டீச்சர், அவன் காத சொரிஞ்சிகிட்டே இருக்கான், எனக்கு மொகம் அசையுது."

"டீச்சர், அவுரு காதே அவ்ளோ சின்னது இல்லன்னு சொல்லுங்க. எங்கப்பா காது அது."

ரெண்டு பேர் காதையும் பார்த்தேன். உண்மைதான். கொஞ்சம் பெரிதாக்கினேன். கலியமூர்த்தி அண்ணன் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழைக்காய்க் கறை என்கிறார்.

15.4.2012

கிள்ளை என்கிற ஊரிலிருந்து ஒரு பெண் வந்து என்னை விசாரித்தாள். மாமனாரைச் செய்ய வேண்டுமாம், ஆனால் சிரித்த மாதிரி வரவேண்டுமாம். "சிரிப்பாரா?" என்றேன். "இல்ல. அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.

20.5.2012

தங்கம்மாள் இன்று தூக்குச்சட்டியோடு வந்தார். மூன்று தட்டு. சின்னவருக்குப் போட்டபோது பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அவனுக்குக் காரம் ஆவாது. மோரு ஊத்து."

அடுத்த மாதம் ரெண்டு பேரும் வந்து மில்லை சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அதை முதலில் சொன்னது யார் என்பதில் இப்போது தகராறு.

14.6.2012

இன்று பத்திரப் பதிவு நாள். அமிர்தம் அக்கா பட்டுப்புடவை. ராஜாமணி பேண்டு செட்டு முழு யூனிபார்மில். கலியமூர்த்தி அண்ணன் மண்டிக்கு லீவு. பதிவு ஆபீஸ் வாசலில் ஆளாளுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்து மணிக்கு மேல் தங்கம்மாளிடமிருந்து போன். சின்னவருக்குக் காய்ச்சலாம். ராத்திரியே செய்தி வந்து, பெரியவர் விடியக்காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லையாம். பதிவை நினைவுபடுத்தினதற்கு, "அது எங்கடி போவப் போவுது" என்றாராம்.

ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ராஜாமணி டிரம்மைக் கழற்றினார். எல்லாரும் டீ குடித்துவிட்டு மில்லுக்குத் திரும்பினோம்.

முக்காலி ரெண்டும் காலியாக இருந்தன. கொஞ்ச நேரம் பெரியவரின் மண் முகத்தில் வேலை செய்தேன். பார்த்துச் செய்ய யாரும் இல்லாமலே கை போனது. சாயங்காலம் துணியை நனைத்துப் பிழிந்து, மண் காயாமல் இருக்கப் போர்த்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.